நடுவுல ரெண்டு தூங்கும்

வலது கால் செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலின் கட்டைவிரலை மட்டும் ஆக்ஸிலேட்டர் மேல் வைத்திருக்கிறார் பச்சை மாமா. மிதிக்கிறார் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் விட்டுவிட்டதா என்று குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல வைத்திருக்கிறார். இடது காலில் செருப்பு இருக்கிறது. அதற்கு அவ்வளவு நுணுக்கமான வேலை இல்லை. வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே மிளகு அளவில் ஒரு பச்சை விளக்கு எரிகிறது. அவர் அதைப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, தலையை இன்ஜின் பக்கம் லேசாகச் சாய்த்து, உற்றுக் கேட்பவர் போல ஒரு கணம் இருக்கிறார்.

"ம். தூங்கிடுச்சுங்க."

வண்டியில் ஏறும் புது ஆளுக்கு அவர் முதலில் சொல்வது சீட் பெல்ட்டைப் பற்றி அல்ல. "இந்த இன்ஜினுக்கு நாலு சிலிண்டர். நாலு பேர் வேலை பாக்குற கடைன்னு வெச்சுக்குங்க. ரோடு சமமா இருக்கு, அவசரமும் இல்ல. நாலு பேரும் எதுக்கு நிக்கணும்? நடுவுல இருக்கிற ரெண்டும் தூங்கிடும். கதவைச் சாத்திக்கும், பெட்ரோல் உள்ள போகாது. ஓரத்து ரெண்டும் வண்டியை இழுக்கும். மேடு வந்தா தானா எழுந்துக்கும். எழுந்ததே தெரியாது. நம்ம ஊட்டுப் பிள்ளைங்களை எழுப்ப எவ்வளவு கத்த வேண்டியிருக்கு?" கடைசி வரிக்கு வரும்போது கண்ணாடியில் அவர் கண் என்னைத் தேடும்.

வண்டி அவருடையது அல்ல, மனைவியின் தம்பியுடையது. மூன்று கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிற அந்த மைத்துனர், புது வண்டியை வேறு வழியில்லாமல் அத்தானிடம் கொடுத்தார். காலையில் எங்கள் குடியிருப்பிலிருந்து கடைவீதிக்கு, சாயங்காலம் கடைவீதியிலிருந்து குடியிருப்புக்கு. நிரந்தரப் பயணிகள் மூன்று பேர். கணக்கு டீச்சர். ஏறிய உடனே வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போகும் மருந்துக்கடை அண்ணன். பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் பாதியில் கைவிட்டதால் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போகிற நான். மூவரும் பின் சீட்டில்தான். முன் சீட்டில் ஒரு துண்டு மடித்து உட்கார்ந்திருக்கும். "முன்னால பாரம் ஏறினா இன்ஜினுக்குத் தூக்கம் கலைஞ்சிடும்" என்பது மாமாவின் விஞ்ஞானம். அதனால் நடுவில் மாட்டிக்கொண்டு தூங்கும் மருந்துக்கடை அண்ணன் மேல் அவருக்குத் தனி மரியாதை. "இவர்தாங்க என்னோட ரெண்டாவது சிலிண்டர்" என்று காட்டுவார்.

கடைவீதிக்கு நேர்வழி ஒன்று உண்டு. அது ஏறி இறங்கி, சந்தைக்குள் நுழைந்து, நின்று நின்று போகும். பச்சை விளக்கு அங்கே பிழைக்காது. ஆகவே மாமா கால்வாய்ச் சாலையைச் சுற்றிக்கொண்டு போகிறார். நெடுக ஒரே சமம். காற்றுக்குக் கூட அங்கே வேலை இல்லை. கடைசியில் ஒரு பாலம் மட்டும் குறுக்கே நிற்கும். அதைத் தவிர்க்க அவர் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

டீச்சர் ஒரு நாள் கணக்குப் போட்டுக் காட்டினார். டீச்சரின் குரல் கடைசி பெஞ்சை உத்தேசித்துச் செய்யப்பட்டது. "அண்ணே, ரெண்டைத் தூங்க வெச்சு நீங்க மிச்சம் பிடிக்கிற பெட்ரோலை விட, இந்தச் சுத்துக்குச் செலவாகிற பெட்ரோல் அதிகம். சின்ன வகுப்புக் கணக்கு இது."

மாமா நிதானமாகச் சொன்னார்: "டீச்சர், அது தூரம். இது சேமிப்பு. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க."

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். எத்தனை பிள்ளைகளின் வாயை அதே மாதிரி மூட வைத்த வாய். எனக்கு அன்றைக்கு நாள் நன்றாகப் போயிற்று.

வீட்டிலும் இதே சித்தாந்தம்தான். கூடத்தில் நாலு பல்பு மாட்டும் இடத்தில் ஓரத்து இரண்டுதான் இருக்கின்றன. நடுவில் இரண்டு வாய்கள் காலியாகக் கிடக்கின்றன. சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்லுகிறார். "ரெண்டு பக்கமும் ஏன் தேயணும்?" டிவியில் விளம்பரம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். விளம்பரம் முடிந்ததை அத்தைதான் தொடையில் தட்டிச் சொல்ல வேண்டும்.

"உங்க மாமா ஒரு காதையும் அணைச்சு வெச்சுட்டார்டா" என்றார் அத்தை ஒரு முறை. "நான் உக்கார்ற பக்கத்துக் காது."

எல்லோரும் சிரித்தோம். மாமாவும் சிரித்தார். எங்களுக்குக் கொஞ்சம் பின்னால் ஆரம்பித்து, நாங்கள் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சிரித்தார்.

சிக்கனத்தின் சிகரம் இன்ஜின் ஆயில். மாற்ற வேண்டிய தேதியை ஒர்க்ஷாப்காரர் ஒரு வில்லையில் எழுதி முன் கண்ணாடியில் ஒட்டியிருந்தார். அந்தத் தேதி எப்போதோ போய்விட்டது. மாமா வில்லையைக் கிழிக்கவில்லை, கண்ணாடி துடைக்கும்போது அதையும் பக்குவமாகத் துடைத்தார். கேட்டால், "ஆயில் என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?" என்பார்.

இவரைப் போல இணக்கமான டிரைவர் கிடையாது என்று எங்கள் குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. யார் எதைச் சொன்னாலும், "அதைத்தான் நானும் சொல்றேன்" என்பார். வெயில் அதிகம் என்றால் அதைத்தான் அவரும் சொல்கிறார். மழை வரும் என்றால் அதைத்தான் அவரும் சொல்கிறார். ஒரே சீட்டில் உட்கார்ந்து இரண்டு பேர் நேரெதிராகச் சண்டை போட்டால் இரண்டு பேருக்கும் அதே பதில். இவ்வளவு நல்ல மனிதர் உண்டா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நல்லவர்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் சீக்கிரம் வந்துவிடும்.

ஆகவே ஒரு நாள், சாதாரணக் குரலில், ஜன்னலைப் பார்த்தபடி சொன்னேன்: "மாமா, பின்னாலேருந்து பாத்தா உங்க தலை கத்திரிக்காய் மாதிரி இருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் மாமா.

அவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த நாட்களில் வெண்டைக்காய், பூசணி என்று தோட்டம் முழுவதும் போய் வந்தேன். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார். தூங்கும் அண்ணனைத் தாண்டிக் கையை நீட்டி டீச்சர் என் தொடையில் கிள்ளினார். ஆனால் டீச்சரும் சிரிப்பை அடக்கத்தான் கிள்ளினார்.

பிறகு ஒரு காலை, பாலத்தின் மேல் ஏறும்போதும் பச்சை விளக்கு அணையவில்லை.

மாமாவின் முகத்தில் நான் அதுவரை பார்த்திராத ஒரு ஒளி. "பாருங்க, பாருங்க. மேட்டுல கூட தூங்குது." பக்கத்தில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை விளக்கும் எரிந்தது. பச்சை எரியும்போது அவர் வேறு நிறங்களைப் பார்ப்பதில்லை. வண்டியோ முழங்கால் வலிக்காரர் படி ஏறுவது போல ஏறியது. உடம்பெல்லாம் நடுக்கம். இன்ஜினுக்குள் யாரோ பூட்டிவிட்ட அறையில் மாட்டிக்கொண்டு கதவைத் தட்டுவது போல, டொக், டொக், டொக்.

மருந்துக்கடை அண்ணன் விழித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அந்த வண்டியில் அவர் விழித்தது அதுதான் முதல் தடவை. "என்ன சத்தம்?" என்றார் என்னிடம். நான் டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் மாமாவைப் பார்த்தார். மாமா தலையை இன்ஜின் பக்கம் சாய்த்து, அந்த டொக் டொக்குக்கு நடுவில், சங்கீதம் கேட்பவர் போலக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சொன்னார்:

"ம். சத்தமே இல்ல பாருங்க."

கத்திரிக்காயெல்லாம் எனக்குத் தொண்டையில் வந்து நின்றது.

அன்று மாலை அத்தை என் கடைக்கு வந்தார். கைப்பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து மேஜை மேல் வைத்தார். காது மெஷின். "போட்டாலும் கேக்கலைங்கிறாரு. ரிப்பேரான்னு பாருடா." திறந்து பார்த்தேன். பேட்டரி மேல் ஒட்டியிருக்கும் தாளே பிரிக்கப்படவில்லை. அதைக் காட்டினேன். அத்தை மெஷினை வாங்கிப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

"எப்படிப் போடுவாரு. போட்டா வெளிய தெரியுமே. கண்ணு, காது, கால், மூணுல ஒண்ணு போனாலும் டிரைவர் சீட்டு கிடையாதுன்னு என் தம்பி எல்லா டிரைவரையும் வெச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கான். அப்படி எறங்குறவங்களுக்கு ஆபீஸ்ல வேற வேலையாம்."

"நல்லதுதானே அத்தை. உக்காந்த வேலை."

"போன் எடுக்கிற வேலைடா" என்றார் அத்தை.

அப்போதுதான் முன் சீட்டுத் துண்டு எனக்குப் புரிந்தது. வீட்டில், கடையில், கல்யாணத்தில் என்று எங்கே உட்கார்ந்தாலும் ஆட்கள் முகத்துக்கு முகம் பேசுகிறார்கள், பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். டிரைவர் சீட்டில் மட்டும்தான் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லை. அங்கே திரும்பிப் பார்க்காமல் இருப்பது ஒழுக்கம். காது கேட்காதவர் கெட்டிக்காரராகத் தெரியும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். அவர் அதைக் கண்டுபிடித்து, செருப்பைக் கழற்றிவிட்டு, குடியேறியிருந்தார்.

பெட்ரோல் செலவு திடீரென்று கூடியிருப்பதைக் கண்ட மைத்துனர், வெள்ளிக்கிழமை தானே வண்டியில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். டீச்சர் அதற்கு முன் தினம் பள்ளி வாசலில் எங்கள் இருவரையும் நிறுத்தினார்.

"காது கேக்காதவர் ஓட்டுற வண்டியில தினம் போயிட்டிருக்கோம். இது சரியா, தப்பா? அதை முதல்ல சொல்லுங்க."

மருந்துக்கடை அண்ணன் யோசித்தார். தூங்காத நேரத்தில் அவர் நன்றாக யோசிப்பார். "நான் எதை நம்பி அந்த வண்டியில தூங்குறேன்? ஹார்ன் அடிக்கிறதுக்கு முன்னாலேயே லாரிக்கு வழி விட்டுடறாரு. கண்ணாடியை அவர் பாக்குற மாதிரி யாரும் பாக்கிறதில்ல. ஆனா இன்ஜின் செத்துக்கிட்டிருக்கு, அதைச் சொல்லணும்."

"எப்படிச் சொல்றது?" என்றார் டீச்சர்.

சத்தம் வருகிறது என்று சொன்னால், எப்படி உங்களுக்குக் கேட்கவில்லை என்றும் சேர்த்துக் கேட்டது போலாகும். அந்தக் கத்திரிக்காய்த் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எதையும் சொல்லிவிடுகிற வாய் என்று பெயர் எடுத்தது.

வெள்ளிக்கிழமை மைத்துனர் வந்தார். துண்டை எடுத்துப் பின்னால் வீசிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். மெல்லப் பேசுகிற மனிதர். பணிவினால் அல்ல, மற்றவர்கள் குனிந்து கேட்க வேண்டும் என்பதனால்.

"அத்தான், ஆயில் எப்ப மாத்தினீங்க?"

மாமா பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து டீச்சர் முழு வகுப்புக்கும் கேட்கிற மாதிரி முழங்கினார்: "ஆயில் எப்ப மாத்தினீங்கன்னு கேக்கிறார்."

"டீச்சர், நான் பக்கத்துலதான் இருக்கேன். ஏன் கத்துறீங்க?"

"தொழில் பழக்கம்."

"ஆயில் என்ன பாலா மச்சான், திரிஞ்சு போறதுக்கு?" என்றார் மாமா. கால்வாய்ச் சாலை முழுக்க இப்படியே போயிற்று. மைத்துனர் கேட்பார், டீச்சர் அறிவிப்பார், மாமா பதில் சொல்வார். நடுநடுவே மருந்துக்கடை அண்ணன் இருமல் மேல் இருமலாக இருமி, டொக் டொக்கை மறைத்துக்கொண்டிருந்தார். அவர் கடையில் விற்கும் எந்த மருந்துக்கும் அடங்காத இருமல்.

பாலம் வந்தது. பாதி மேட்டில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. இருமலுக்கும் டீச்சருக்கும் மேலே போய்விட்டது சத்தம். மாமா பச்சை விளக்கைச் சுட்டிக்காட்டினார். "பாத்தீங்களா மச்சான். மேட்டுலயும் தூங்குது." உச்சிக்குப் பக்கத்தில் வண்டி நின்றது. இன்ஜின் அடங்கிப்போய், காற்றும் இல்லாமல், எல்லாம் அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியில் மைத்துனர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, வழக்கத்தை விட மெல்லக் கேட்டார்: "அத்தான், உங்களுக்குக் காது கேக்கலையா?"

டீச்சர் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் மாமா.

மைத்துனர் திரும்பி எங்களைப் பார்த்தார். டீச்சர் கால்வாயைப் பார்த்தார். மருந்துக்கடை அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஆனால் வாய் திறந்திருக்கவில்லை. மாமா கண்ணாடியில் எங்கள் மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடி பார்ப்பதில் அவர் கெட்டிக்காரர் என்று அண்ணன் சொன்னார் அல்லவா. பார்த்து முடித்ததும் குனிந்து, சீட்டுக்கு அடியிலிருந்து வலது கால் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

ஒர்க்ஷாப்காரர் இன்ஜினைத் திறந்து, கறுப்புக் கூழ் ஒன்றை விரலில் எடுத்துக் காட்டினாராம். நடுவில் இருக்கிற இரண்டையும் தூங்க வைப்பதும் எழுப்புவதும் அந்த ஆயில்தானாம். தாலாட்டுப் பாடுகிறவளும் காலையில் எழுப்புகிறவளும் ஒரே ஆள். அவளைக் கவனிக்காமல் விட்டால் பிள்ளைகள் எழுந்திருக்காது. மாமாவின் ஆயுள் சேமிப்பு மொத்தமும் அந்த விரல் நுனியில் இருந்தது.

வண்டி ஒர்க்ஷாப்பில், மாமா ஆபீசில். போனுக்குப் பக்கத்தில் அவரை உட்கார வைத்தார்கள். மதியம் வரைக்கும்தான் அந்த ஆட்சி நடந்தது. வண்டி வேண்டும் என்றவர்களுக்கும், வண்டி வேண்டாம் என்றவர்களுக்கும், தவறான எண்ணுக்குப் போட்டுவிட்டேன் என்றவருக்கும் அவர் ஒரே பதில்தான் சொன்னார். அவர்களும் திருப்தியாகவே போனை வைத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் மைத்துனரின் மற்ற இரண்டு டிரைவர்களும் யாருமில்லாத வாசல்களில் நின்றுகொண்டிருந்தார்கள். வண்டி கேட்டிருந்தவர்கள் ஆபீசுக்கே நடந்து வந்து சேர்ந்தார்கள்.

சரியாக அப்போது அத்தையும் வந்தார். தம்பியின் மேஜை மேல் அந்தச் சின்னப் பெட்டியை வைத்தார்.

"இவர் காதுக்கு இது இருக்கு. உன் வாய்க்கு ஏதாவது இருந்தா காட்டு."

"அக்கா, நான் என்ன சொன்னேன்னா..."

"நீ சொன்னது கேட்டாத்தானே? அவ்வளவு மெதுவா பேசுறே. எனக்கே பாதி விழலை."

சீட்டு திரும்பக் கிடைத்தது. ஸ்டீயரிங்கில் கை இருக்கும்வரை காதில் மெஷின் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மாமா தலையாட்டினார். வண்டி புது ஆயிலோடு வந்தது. முன் சீட்டில் துண்டு மறுபடி உட்கார்ந்தது. முதல் நாள் காலை நாங்கள் ஏறிய உடனே அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடியில் என்னை மட்டும் பார்த்துக் கேட்டார்:

"காய்கறியெல்லாம் முடிஞ்சுதா, கீரை ஏதாவது பாக்கி இருக்கா?"

கண்ணாடியில் என் உதட்டைப் படித்தாரா, டீச்சர் போட்டுக்கொடுத்தாரா தெரியாது, எனக்கு விக்கல் எடுத்தது. டீச்சர் அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தார்.

ஆனால் மனிதர் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கால்வாய்ச் சாலை வரும். கால் கட்டைவிரல் ஆக்ஸிலேட்டரின் நெற்றியைத் தொடும். பச்சை விளக்கு எரியும். உடனே கை காதுக்குப் போகிறது. மெஷினைக் கழற்றி, பேட்டரி மூடியை நகத்தால் நெம்பித் திறந்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டுகிறார். "சமமான ரோட்டுல அது எதுக்குச் சும்மா எரியணும்?" பாலம் கண்ணில் பட்டதும் எடுத்து மாட்டிக்கொள்கிறார். மைத்துனரிடம் இதை நாங்கள் சொல்லவில்லை. மருந்துக்கடை அண்ணன் திரும்பவும் தூங்க ஆரம்பித்துவிட்டார். அதைவிடப் பெரிய சான்றிதழ் எங்கள் வண்டியில் கிடையாது.

நேற்றுக் காலை அதே சாலை. விளக்கு எரிந்தது, மெஷின் பைக்குள் போயிற்று. எனக்கு வாய் அரித்தது. கண்ணாடியில் அவர் பார்க்கிற மாதிரி நகர்ந்து உட்கார்ந்து, சத்தமே வராமல், வாயை மட்டும் அசைத்து எதையோ தீவிரமாகச் சொல்ல ஆரம்பித்தேன். கையைக் கூட ஆட்டினேன். டீச்சர் கிள்ளத் தயாரானார்.

மாமா கண்ணாடியைப் பார்த்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. பாலம் இன்னும் வெகு தூரம். ஒரு கையால் பொத்தானைக் கழற்றி, மெஷினை எடுத்து, மூடியை அழுத்தி, காதில் மாட்டிக்கொண்டார். பிறகு தலையைச் சாய்த்தார், இந்த முறை என் பக்கமாக.

"இப்ப சொல்லு" என்றார்.